முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரே இரத்தம்

சென்ற மாதம், நான் கடைசியாக வேலைசெய்த ஆய்வுகூடத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எங்கோ ஓர் ஆய்வாளர், இல்லாத நோயாளரை இருப்பதாக எழுதிப் பிடிபட்டுவிட்டாராம். அதைப் பற்றித்தான் பேச்சு. "உங்கடை காலத்தில இப்பிடி நடந்ததோ அக்கா?" என்று ஒருவர் கேட்டார். நடந்தது என்றேன். உடனே தேத்தண்ணி வைக்க எழுந்துவிட்டேன். அவர்கள் போன பிறகு, கதவைப் பூட்டினேனா என்று இரண்டு தரம் எழும்பிப் பார்த்தேன். முப்பது வருடம் கழிந்தும் அந்தப் பயம் உடம்பைவிட்டுப் போகவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சொல்லாமல் விட்டதை எழுதியாவது விடுகிறேன்.

என் ஊர் அச்சுவேலி. எண்பத்து மூன்றில் கொழும்பில் ஆய்வுகூடப் பயிற்சியில் இருந்தேன். ஆடிக் கலவரத்தோடு அகதிமுகாம், பிறகு கப்பல், பிறகு காங்கேசன்துறை. மீதிப் பயிற்சியை யாழ்ப்பாணத்தில் முடித்து, அடுத்த வருடம் நகரத்தில் ஒரு மலேரியா ஆய்வுகூடத்தில் சேர்ந்தேன். இரண்டு அறை, கிருமி பார்க்க மூன்று நுணுக்குக்காட்டி, நான்கு பேர். எங்களுக்கு மேலே டொக்டர் அருளம்பலம்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. காய்ச்சல்காரரின் விரலில் குத்தி, ஒரு கண்ணாடிச் சிலைட்டில் இரண்டு இடத்தில் இரத்தம் வைப்போம். ஒன்று தடித்த துளி. மற்றது மெல்லிசாக இழுத்துவிட்ட படலம். நிறமூட்டும்போது தடித்த துளியில் உள்ள சிவப்பணுக்கள் கரைந்துபோகும். கிருமி இருந்தால் அது மட்டும் தெரியும். ஆகவே முதலில் தடித்த துளியைத்தான் பார்ப்போம். நூறு இடம் பார்த்தும் கிருமி இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த சிலைட். கிருமி இருந்தால் மட்டும், அது எந்த வகை என்று அறிய மெல்லிய படலத்துக்குப் போவோம். கிருமி இல்லாத சிலைட்டின் மெல்லிய படலத்தை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க நேரமும் இல்லை.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவசரத்தில் நாற்பது இடம் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதினேன். டொக்டர் பின்னால் நின்றதை நான் காணவில்லை. அவர் அந்தச் சிலைட்டை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்துக் கண்வில்லையைத் துடைத்தார். பென்சிலைச் சீவிக் கடதாசியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே பார்த்தார். அரைமணி நேரம் நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். பிறகு கதிரையை விட்டு எழுந்து என்னை இருந்து பார்க்கச் சொன்னார். எழுபத்தோராவது கோட்டில் நிறுத்தியிருந்தார். ஒரேயொரு கிருமி, மோதிரம்போல. "பிள்ளை, இந்த மனிசன் உம்மை நம்பித்தான் வீட்டை போயிருக்கிறார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்துவதில்லை. அதனாலேயே எங்களுக்கு அவரிடம் பயம்.

தொண்ணூறில் சண்டை மீண்டும் தொடங்கிய பிறகு மின்சாரம் நின்றது. நுணுக்குக்காட்டிகளை யன்னலோரம் வைத்து, கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்து வேலைசெய்தோம். காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரைதான் வெளிச்சம் சரிவரும். விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடுவோம். திரும்பிவந்து விட்ட இடத்திலிருந்து எண்ணுவோம். மருந்துகள் வருவது அருமையாகிவிட்டது. காய்ச்சலோ அகதிமுகாம்களில் பரவிக்கொண்டே இருந்தது. வசதியான வைத்தியர்கள் பலர் போய்விட்டார்கள். டொக்டர் அருளம்பலம் போகவில்லை. பெட்ரோல் இல்லாமல் சைக்கிளில் முகாம் முகாமாகத் திரிந்தார். சனம் அவரைக் கண்டால் எழுந்து நிற்கும். அதை நான் மறைக்கவில்லை; மறைத்தால் மீதியும் பொய்யாகிவிடும்.

அப்போதுதான் அவர் அந்த ஆய்வைத் தொடங்கினார். மலேரியாவுக்கு மூன்று நாள் குளிசை கொடுப்பது வழக்கம். முதல் நாள் குளிசையே போதுமா என்று பார்ப்பது அவர் எண்ணம். போதுமென்றால் இருக்கிற மருந்து மும்மடங்கு சனத்துக்குக் காணும். எண்பது நோயாளர், ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்க அட்டை. ஒரு நாள் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு, ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள் அவர்களின் வீடு தேடிப் போய் மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும். எனக்கு வரும் சிலைட்டில் இலக்கமும் நாளும் மட்டும் இருக்கும். பெயர் தெரிந்தால் கண் ஏமாற்றும் என்று பதிவேட்டை டொக்டரே தன் அலுமாரியில் பூட்டிவைத்தார்.

வீடு தேடிப் போய் இரத்தம் எடுத்து வருபவர் குணம் அண்ணை. அரியாலைக்காரர், நாற்பது வயதிருக்கும், மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன். நோயாளரில் பாதிப்பேர் கடனீரேரிக் கரையோரம் இருந்தவர்கள். அந்தப் பக்கம் எந்த நேரமும் இராணுவ ஹெலி, ஹெலிகொப்டர், வரும்.

சிலைட்டுகள் வந்தன. நான் தடித்த துளிகளைப் பார்த்தேன். இல்லை, இல்லை, இல்லை. மருந்து வேலைசெய்கிறது என்று எல்லாருக்கும் சந்தோசம். எனக்கும்தான்.

மாரிமழை தொடங்கிய ஒருநாள், ஒரு சிலைட்டைச் சரியாகக் காயவிடாமல் நிறமூட்டியதால் தடித்த துளி கழுவுப்பட்டுப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் அதன் மெல்லிய படலத்தைப் பார்த்தேன். சிவப்பணுக்கள் வட்டமாக இல்லை. முட்டைவடிவில், நீளமாக இருந்தன. இது பரம்பரையாக வருவது. ஆளுக்கு ஒரு தீங்கும் செய்யாது. ஆனால் மிக அபூர்வம். பயிற்சியில் படத்தில் மட்டும் கண்டிருந்தேன். டொக்டருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அடுத்த சிலைட்டை எடுத்தேன். அது வேறு இலக்கம், வேறு ஆள். ஏதோ நினைவில் அதிலும் மெல்லிய படலத்துக்கே போனேன். அதுவும் முட்டைவடிவம். மூன்றாவதும் அப்படியே.

என்மேல் பிழையாக இருக்கட்டும் என்றுதான் முதலில் வேண்டிக்கொண்டேன். படலத்தை இழுக்கும்போது அணுக்கள் நீண்டுபோவதுண்டு. அப்படியானால் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும். இவை எல்லாத் திசையிலும் கிடந்தன. நிறமூட்டியில் குறையோ என்று, அதே நாளில் அதே நிறமூட்டியில் தோய்த்த வேறு காய்ச்சல்காரரின் சிலைட்டுகளைப் பார்த்தேன். அவை நல்ல வட்டம். அடுத்த நான்கு நாளும், மற்றவர்கள் மத்தியானம் சாப்பிடப் போகும் அரைமணி நேரத்தில் பழைய பெட்டிகளை இறக்கிப் பார்த்தேன். கதவுப் பக்கம் ஒரு காது வைத்துக்கொண்டேதான். நோயாளர் முதல்நாள் தாங்களாக வந்து கொடுத்த இரத்தம் எல்லாம் வட்டம். பிறகு வீடு தேடிப் போய் எடுத்ததாக வந்தவற்றில், முப்பத்தெட்டு இலக்கங்களுடையவை முட்டைவடிவம். முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே ஆளின் இரத்தம்.

ஐந்தாம் நாள் குணம் அண்ணை பெட்டியோடு வந்தார். அறையில் வேறு யாருமில்லை. "அண்ணை, உங்கடை இடக்கையை ஒருக்காக் காட்டுங்கோ" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மேசையில் கையை மலர்த்தி வைத்தார். நான்கு விரல் நுனியும் கறுத்து, காய்த்துப்போய் இருந்தன. வலக்கையையும் தானாகவே எடுத்து வைத்தார். அதுவும் அப்படித்தான்.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். முதல் இரண்டு மாதம் ஒழுங்காகப் போயிருக்கிறார். ஒருநாள் கரையோரத்தில் ஒருவர் தன் அட்டையோடு படலையடிக்கு வந்து நின்றாராம். ஹெலி வந்து சுட்டிருக்கிறது. அண்ணை வேலியோடு விழுந்து படுத்திருக்கிறார். "எழும்பிப் பார்த்தன் பிள்ளை. அட்டை கிடந்தது. அந்த மனிசன் கிடந்த கிடையை உனக்குச் சொல்லேலாது." அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வீட்டிலிருந்து சைக்கிளில் வெளிக்கிடுவார், கரைக்குப் போகும் செம்மணிப் பக்கம் திரும்பத் துணிவு வராது, சைக்கிளைத் திருப்பி ஒரு பனங்கூடலுக்குள் இருந்து தன் விரலில் குத்திக்கொள்வார். டொக்டரிடம் ஒருமுறை, அங்காலே போக முடியவில்லை என்று சொன்னாராம். "பார்த்துச் செய்யும்" என்றாராம் டொக்டர். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த கதை.

தன் வேலையும் போய், பெயரும் தெருவில் அடிபட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்டால், பயம். என் கணவர் கொழும்பில் அகப்பட்டுப்போயிருந்தார். நானும் மகளும் மாமியும் அச்சுவேலியில் தனியே. மருந்துக்காக உயிரைக் கொடுத்துத் திரியும் ஒரு வைத்தியரின் வேலையை, சம்பளத்துக்கு வேலைசெய்யும் ஒரு பெண் பிழை என்று சொன்னால், சனம் முதலில் கேட்பது சிலைட்டைப் பற்றியாக இராது. அந்த நாளில் ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் துரோகி என்ற ஒரு சொல் ஒட்டிவிட்டால் போதும். பிறகு கழுவ முடியாது. ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்வேன் என்று பஸ் இல்லாத தெருவில் சைக்கிள் மிதித்து வருவேன். டொக்டரின் மேசையைத் தாண்டி நேரே என் யன்னலடிக்குப் போய்விடுவேன்.

பன்னிரண்டாம் நாள் ஓர் இளம்பெண்ணைத் தமையன் சைக்கிள் பாரில் இருத்திக் கொண்டுவந்தான். கமலேஸ்வரி என்று பெயர். காய்ச்சலில் கண் மேலே செருகிக்கொண்டிருந்தது. நான்கு மாதக் கர்ப்பிணி. கையில் எங்கள் அட்டை. இலக்கம் அறுபத்தொன்று. என் பதிவில் அறுபத்தொன்றுக்கு ஏழாம் நாளும் கிருமி 'இல்லை', பதினான்காம் நாளும் 'இல்லை', இருபத்தெட்டாம் நாளும் 'இல்லை'.

வீட்டுக்கு வந்து யாராவது இரத்தம் எடுத்தார்களா என்று கேட்டேன். "ஒருத்தரும் வரேல்லை அக்கா" என்றாள். "ஒரு நாள் குளிசையோட காய்ச்சல் மாறிவிடும் எண்டு சொன்னவை. மாறேல்லை. வருவினம் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன்."

அவளுடைய சிலைட்டில் கிருமி நிறைந்திருந்தது. அணுக்கள் எல்லாம் வட்டம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். உயிர் தப்பினாள். வயிற்றில் இருந்தது தப்பவில்லை. அதை அவளுடைய தமையன் மூன்றாம் நாள் வந்து சொன்னான். சொல்லிவிட்டு, எங்களுக்கு நன்றியும் சொல்லிப் போனான்.

அவளைக் கொண்டுவந்த அன்று பின்னேரமே நான் டொக்டரின் அறைக்குப் போயிருந்தேன். நுணுக்குக்காட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய யன்னலில் வைத்து, அறுபத்தோராம் இலக்கத்தின் பதினான்காம் நாள் சிலைட்டை வைத்துத் தெளிவாக்கினேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். குணம் அண்ணையின் விரல்களையும் சொன்னேன். பிறகு விலகி நின்று, "டொக்டர், ஒருக்கா வந்து பாருங்கோ" என்றேன்.

அவர் கதிரையை விட்டு எழவில்லை. பென்சிலை எடுத்துச் சீவினார். சீவத் தேவையில்லாத பென்சில்.

"எங்களிட்டை எத்தினை குளிசை இருக்கெண்டு உமக்குத் தெரியும். மூண்டு நாள் குடுத்தா ஒருத்தருக்கு. ஒரு நாள் குடுத்தா மூண்டு பேருக்கு."

"காய்ச்சல் மாறாட்டில் மூண்டு பேருக்கும் இல்லை, டொக்டர்."

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில இந்த ஆய்வை வாசிக்கவேணும். அடுத்த கிழமை முகாமுகளுக்கு மருந்து பிரிக்கினம். இப்ப இதைக் கதைச்சா, சனத்தின்ரை மருந்தைக் குழப்பிறா எண்டு ஆரும் சொல்லுவினம். நான் சொல்லமாட்டன், பிள்ளை. ஆனா சொல்லுவினம்."

அது மிரட்டலா, என்மீதுள்ள அக்கறையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நுணுக்குக்காட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வைத்தியர்களும் முகாம் பொறுப்பாளர்களுமாக முப்பது பேருக்கு மேல். நுணுக்குக்காட்டியைப் பெட்டியோடு சைக்கிள் கரியரில் கட்டி, சிலைட்டுகளைச் சீலைத் துணியில் சுற்றி, அச்சுவேலியிலிருந்து மிதித்தேன். மாமியிடம், மத்தியானம் வராவிட்டால் மகளைத் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னேன். அவ ஏனென்று கேட்கவில்லை. அந்த நாளில் வீட்டைவிட்டு வெளிக்கிடும் எவரிடமும் அப்படிக் கேட்பதில்லை.

டொக்டர் தன் கட்டுரையை வாசித்து முடித்தார். தலைமை தாங்கிய முதிய வைத்தியர், கேள்விகள் உண்டா என்றார். நான் எழுந்தேன். முன்னால் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். நோயாளருக்குக் கிருமி இல்லை என்று காட்டிய சிலைட்டுகளில் முப்பத்தெட்டுப் பேருடையவை ஒரே ஆளின் இரத்தம் என்றும், அறுபத்தோராம் இலக்கம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றும் சொன்னேன். நுணுக்குக்காட்டியை யன்னலில் வைத்திருக்கிறேன், யாரும் வந்து பார்க்கலாம் என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது: "உம்மை ஆர் அனுப்பினது?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் பதினைந்து நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். யார் கேட்டதென்று திரும்பிப் பார்க்கவும் துணிவில்லை. மகளின் முகம் மட்டும் கண்ணுக்குள் வந்தது.

"அவவை ஒருத்தரும் அனுப்பேல்லை" என்றார் டொக்டர் அருளம்பலம். "அவ என்ரை ஆய்வுகூடத்து ஆள்."

அவர் கட்டுரைத் தாள்களை மேசையில் வைத்துவிட்டு யன்னலடிக்கு நடந்தார். கைலேஞ்சியை எடுத்துக் கண்வில்லையைத் துடைத்தார். குனிந்தார். ஒரு சிலைட், இன்னொன்று, இன்னொன்று என்று நான் எடுத்துக்கொடுக்க ஆறோ ஏழோ பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகம் பத்து வயது கூடியிருந்தது.

"ஒரே ஆளின்ரை இரத்தம்தான். இந்தக் கட்டுரையை விட்டிடுங்கோ. மூண்டு நாள் மருந்தையே குடுங்கோ." பிறகு சொன்னார்: "இந்தச் சிலைட்டுகளிலை ஒண்டையும் நான் இவ்வளவு நாளும் பார்க்கேல்லை. பார்த்தால் தெரிஞ்சுபோடும் எண்டுதான் பார்க்கேல்லை."

யாருடைய இரத்தம் என்று தலைவர் கேட்டார். அது தன் பொறுப்பு என்றார் டொக்டர். குணம் அண்ணையின் பெயரை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மருந்து மூன்று நாளாகவே பிரிக்கப்பட்டது. எல்லாருக்கும் காணவில்லை. அதையும் நான் சொல்லத்தான் வேண்டும். சில முகாம்களில் வரிசையில் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதில் ஒருவர் என்னைக் கண்டு காறித் துப்பினார்.

அந்தக் கிழமை ஒருநாள், எங்கள் படலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. என்னைக் கூட்டிப்போகத்தான் வந்துவிட்டார்கள் என்று நினைத்து, மகளைக் கிணற்றடிப் பக்கம் போகச் சொல்லிவிட்டு நான் முன்னால் போனேன். வந்தவர் பக்கத்து வீட்டுக்கு வழி கேட்டார். காட்டிவிட்டு உள்ளே வந்து நிலத்தில் இருந்துவிட்டேன்.

குணம் அண்ணையை டொக்டர் வெளிவேலையிலிருந்து எடுத்துச் சிலைட் கழுவுகிற வேலையில் விட்டார். அவர் ஒரு வருடம் அதைச் செய்துவிட்டுக் குடும்பத்தோடு வன்னிப் பக்கம் போய்விட்டார். டொக்டர் தொடர்ந்து முகாம்களுக்குப் போனார். என்னோடு அலுவல் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வந்து, கிருமி இல்லை என்று எழுதிய சிலைட்டுகளில் பத்தை எடுத்து, இரண்டு படலத்தையும் தானே பார்த்துக் கையெழுத்து வைப்பார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் ஒரேயடியாக எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்தோம். ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. மழை, சேறு, ஒரு வகுப்பறைக்குள் எட்டுக் குடும்பம். காய்ச்சல் தொடங்கிவிட்டது. என்னிடம் ஒரு நுணுக்குக்காட்டியும் இருநூறு சிலைட்டும் இருந்தன. மரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி ஒரு வாங்கு போட்டு இரத்தம் எடுத்தேன்.

மூன்றாம் நாள் வரிசையில் கமலேஸ்வரி நின்றாள். மெலிந்திருந்தாள். தன்னைத் தெரிகிறதா என்று கேட்டாள். நான்தான் கூட்டத்தில் எழும்பிக் கதைத்தது என்று பிறகு ஊருக்குள் சொன்னார்களாம். நேரில் காணும்போது நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தாளாம். சொன்னாள். பிறகு, ஊசியை எடுத்த என் கையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, நான் அண்டைக்கு வரமுந்தியே உங்களுக்குத் தெரியுமோ?"

பின்னால் இருபது பேர் நின்றார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பாள். கூட்டத்தில் எழுந்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

"ஓம்" என்றேன். "பன்ரண்டு நாளுக்கு முந்தியே தெரியும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏனென்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தறப்பாளில் தேங்கிய தண்ணீர் ஒருபக்கம் சரிந்து கொட்டியது. அவள் இடக்கையின் மோதிரவிரலை நீட்டினாள். ஸ்பிரிட்டால் துடைத்துக் குத்தினேன். தடித்த துளி ஒன்று, மெல்லிய படலம் ஒன்று.

கிருமி இருந்தது. மருந்தை என் கையால் கொடுத்தேன். மூன்று நாளும் ஒழுங்காக வந்து, எனக்கு முன்னாலேயே குளிசையை விழுங்கிவிட்டுப் போனாள். மூன்று நாளும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான்காம் நாள் அவள் வரத் தேவையில்லை. இருந்தும் நான் மூன்று மணிவரைக்கும் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.